ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் இடம்

அறக்கட்டளைச் சொற்பொழிவு என்பது இறந்தவர் செலவில் இருப்பவர் பேசுவது. யாரோ ஒருவர் தம் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ ஒரு தொகையை வங்கியில் போட்டுவைக்கிறார். அதன் வட்டியில் ஆண்டுக்கொரு முறை மேடை போடப்படுகிறது, ஒலிபெருக்கி வைக்கப்படுகிறது, கூட்டம் முடிந்து தேநீரும் கிடைக்கிறது. இதில் சட்டம் குறுக்கே வருவதில்லை. ஆனால் இங்கிலாந்தில், கிறிஸ்தவத்தை மறுக்கும் ஒரு சங்கத்துக்கு இப்படிப் பணம் எழுதிவைத்தால் அது செல்லுமா என்பது 1917 வரை தீராத வழக்காகவே இருந்தது.

சார்லஸ் போமன் என்பவர் 1908இல் இறந்தார். தம் சொத்தில் மிஞ்சியது ‘செக்யூலர் சொசைட்டி லிமிடெட்’ என்ற அமைப்புக்குச் சேர வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். உறவினர்கள் நீதிமன்றம் போனார்கள். கிறிஸ்தவம் இந்த நாட்டுச் சட்டத்தின் ஓர் அங்கம், அதை மறுப்பதையே வேலையாக வைத்திருக்கும் அமைப்புக்குப் பணம் கொடுப்பது சட்டவிரோதம் என்பது அவர்கள் வாதம். வாதம் விசித்திரமானதல்ல; ஆங்கில நீதிபதிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்ததுதான். அன்றைக்கு நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1917இல் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் உயில் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்புக்குப் பின்னால் ஒரு தந்திரம் இருக்கிறது. அதை நடத்தியவர் ஜி. டபிள்யூ. ஃபூட். ‘தி ஃப்ரீதிங்கர்’ இதழில் தேவதூஷணம் செய்ததாக 1883இல் ஓராண்டு சிறைத்தண்டனை பெற்றவர். அவர் 1898இல் இந்த அமைப்பைச் சங்கமாக அல்லாமல் கம்பெனிச் சட்டத்தின் கீழ் ஒரு கம்பெனியாகப் பதிவுசெய்தார். பதிவுச் சான்றிதழ் கையில் இருக்கிற கம்பெனியை ‘நீ சட்டப்படி இல்லவே இல்லை’ என்று சொல்ல முடியாது. சோப்பு விற்பவருக்கும் நிலக்கரி விற்பவருக்கும் எழுதப்பட்ட சட்டத்துக்குள் நாத்திகர்கள் நுழைந்துகொண்டார்கள்.

கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக வாழும் சமூகத்தில் நம்பிக்கை இல்லாதவர் தமக்கென ஒரு கூட்டத்தைத் தேடிக்கொண்ட கதையைப் பேசுகிறவர்கள் வழக்கமாகத் தத்துவத்தில் தொடங்குவார்கள்: டார்வின், ஹக்ஸ்லி, பைபிள் ஆராய்ச்சி. விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் ஆவணங்களைப் புரட்டினால் தெரிவது வேறு. வாதத்துக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் கூடத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணிக்குப் போய் உட்கார ஓர் இடத்துக்கு.

1867இல் வந்த லிவர்பூல் வழக்கு ஒன்று போதும். அந்த ஊர் செக்யூலர் சங்கத்தின் செயலாளர் கோவன் சொற்பொழிவுகளுக்காக ஒரு கூடத்தை வாடகைக்குப் பேசி முடித்திருந்தார். தலைப்புகள் என்னவென்று தெரிந்ததும் கூடத்தின் உரிமையாளர் மில்போர்ன் கதவைத் திறக்க மறுத்துவிட்டார். ஏசுவின் குணத்தில் குறை இருக்கிறது என்பது ஒரு தலைப்பு, பைபிள் மற்ற நூல்களைவிட அதிகமாக அருளப்பட்டதல்ல என்பது இன்னொன்று. ஒப்பந்தத்தை மீறியது உண்மைதான், ஆனால் நோக்கமே சட்டவிரோதமானது என்பதால் ஒப்பந்தம் செல்லாது என்றது நீதிமன்றம். ஆக, நாத்திகருக்குக் கூடம் கொடுக்கிறேன் என்று சொன்னவர் கடைசி நேரத்தில் கைவிரித்தால் கேட்க நாதியில்லை.

சர்ச்சுக்குப் போகாதவர்கள் அந்த நாட்டில் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. 1851 மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை அன்று அரசே ஆலயங்களில் தலை எண்ணியது. போக முடிந்தும் போகாதவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்று கணக்கு வந்தது, கனவான்கள் திடுக்கிட்டார்கள். ஆனால் அந்த ஐம்பது லட்சம் பேரும் நாத்திகர்கள் அல்ல. அவர்களில் பெரும்பாலோர் களைத்துப்போன தொழிலாளர்கள். ஞாயிறு காலை தூங்கினார்கள், பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், செத்தால் பாதிரியாரைக் கூப்பிட்டார்கள். போகாமல் இருப்பது எளிது. போவதில்லை என்று வெளியில் சொல்வதுதான் கடினம். சொன்னவன் இழப்பது ஜெபத்தை மட்டுமல்ல. பிள்ளைக்கு எழுத்தறிவித்த ஞாயிறு பள்ளி, நோயில் கைகொடுத்த சகாய நிதி, சபை மூப்பர் சிபாரிசில் கிடைத்த வேலை, மகளுக்கு வரன் பார்த்த தேநீர் விருந்து எல்லாம் ஒன்றாகக் கைநழுவின.

சார்லஸ் பிராட்லா கதையைப் பார்க்கலாம். கிழக்கு லண்டனில் ஏழைக் குமாஸ்தாவின் மகன்; பதின்பருவத்திலேயே ஞாயிறு பள்ளி ஆசிரியர். பேராயர் வரப்போகிறார், பாடத்தைத் தயார் செய் என்று குருவானவர் சொல்ல, பையன் நான்கு சுவிசேஷங்களையும் திருச்சபையின் முப்பத்தொன்பது கோட்பாடுகளையும் ஒப்பிட்டுப் படித்தான். ஒத்துப்போகவில்லை. விளக்கம் கேட்டுக் குருவானவருக்குக் கடிதம் எழுதினான். பதிலாக வந்தது ஞாயிறு பள்ளியிலிருந்து தற்காலிக நீக்கம். பிறகு, கருத்தை மாற்றிக்கொள்ள மூன்று நாள் அவகாசம், இல்லாவிட்டால் வேலை போகும் என்ற மிரட்டல். பையன் வீட்டைவிட்டே வெளியேறினான். அவனுக்கு இடம் கொடுத்தவர் எலிஸா ஷார்ப்பிள்ஸ், சுதந்திரச் சிந்தனைப் பதிப்பாளர் ரிச்சர்ட் கார்லைலின் வாழ்க்கைத் துணையாக இருந்தவர், அப்போது வறுமையில் பிள்ளைகளோடு திண்டாடிக்கொண்டிருந்தவர். பின்னாளில் நாடாளுமன்றத்தையே உலுக்கிய மனிதருக்கு முதலில் கிடைத்த ‘சபை’ அந்த வீட்டில் இருந்த சாப்பாட்டு மேசைதான்.

இந்தக் கதையில் நின்று பார்க்க வேண்டிய ஊர் லெஸ்டர். காலுறை பின்னுகிறவர்களும் செருப்புத் தைக்கிறவர்களும் நிறைந்த தொழில் நகரம். அங்கே 1850களிலிருந்தே ஒரு செக்யூலர் சங்கம் விட்டுவிட்டு இயங்கிவந்தது. 1870களின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக்கைப் பேச அழைத்தார்கள். ‘செக்யூலரிசம்’ என்ற சொல்லை 1851இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். ஊரில் கூடம் கிடைக்கவில்லை. லெஸ்டர்க்காரர்கள் நீதிமன்றம் போகவில்லை, கம்பெனி தொடங்கினார்கள். லெஸ்டர் செக்யூலர் ஹால் கம்பெனி, லிமிடெட். பங்கு விற்றுப் பணம் திரட்டினார்கள். பெரும்பங்கு போட்டவர் ஜோசையா கிம்சன். இயந்திரத் தொழிற்சாலை நடத்தியவர், நகர்மன்ற உறுப்பினர், இளமையில் ராபர்ட் ஓவனின் கூட்டுறவுக் கனவில் ஊறியவர்.

ஹம்பர்ஸ்டோன் கேட் தெருவில் கட்டடம் எழுந்து 1881 மார்ச் 6 அன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை, திறக்கப்பட்டது. ஹோலியோக், பிராட்லா, அன்னி பெசன்ட், ஹாரியட் லா ஆகியோர் வந்திருந்தார்கள். ஹோலியோக்குக்கும் பிராட்லாவுக்கும் பல ஆண்டு மனத்தாங்கல். சொந்தக் கூடம் என்றதும் இருவரும் ஒரே மேடை ஏறினார்கள். திறப்புவிழாவுக்கென்று கவிஞர் ஜேம்ஸ் தாம்சன் கவிதையே எழுதிக் கொடுத்தார். ஓர் ஆலயப் பிரதிஷ்டைக்கும் அந்த விழாவுக்கும் சடங்கில் பெரிய வித்தியாசமில்லை என்று அங்கிருந்த ஒரு பாதிரியார் நினைத்திருந்தால் அது தவறாகாது.

கட்டடத்தின் முகப்பில் சுடுமண்ணால் செய்த ஐந்து மார்பளவு உருவங்கள் உண்டு. சாக்ரடீஸ், வால்டேர், தாமஸ் பெயின், ராபர்ட் ஓவன். ஐந்தாவது ஏசு. நாத்திகர் மண்டபத்தின் வாசலில் ஏசுவா என்று பக்தர்கள் கொதித்தார்கள். கட்டியவர்களின் பார்வையில் அதில் முரண் இல்லை. மதத்தலைவர்களோடு மோதிய சீர்திருத்தக்காரர் வரிசையில் அவருக்கும் ஓர் இடம், அவ்வளவுதான். இருந்தாலும் அதில் கொஞ்சம் குறும்பும் கலந்திருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. ஊரிலுள்ள ஆலயங்கள் எல்லாம் சொந்தம் கொண்டாடுகிற ஒருவரை வால்டேருக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

கூடம் கிடைத்ததும் அங்கே என்ன நடந்தது? ஞாயிறு மாலை சொற்பொழிவு. பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி. நூலகம், நடனம், பாட்டு. 1884 ஜனவரியில் வில்லியம் மோரிஸ் வந்து கலையையும் சமதர்மத்தையும் பற்றிப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் கிம்சனின் பத்தொன்பது வயது மகன் எர்னெஸ்ட்டும் ஒருவன். அன்றிரவு மோரிஸ் கிம்சன் வீட்டில் பேசிக்கொண்டிருந்தார். கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த அந்தப் பையனுக்கு அறிமுகக் கடிதமும் பின்னர் எழுதிக் கொடுத்தார். அவன்தான் பிற்காலத்தில் இங்கிலாந்தின் கைவினை இயக்கத்தில் மரச்சாமான் வடிவமைப்புக்குப் பேர்போன எர்னெஸ்ட் கிம்சன். மதநம்பிக்கையைப் பற்றியதல்லாத ஒரு கூட்டம் அந்த மண்டபத்திலிருந்து இப்படி ஒருவரைக் கொடுத்தது. இன்னொரு மகன் சிட்னி ஏறத்தாழ அரை நூற்றாண்டு சங்கத்தின் தலைவராக இருந்தார்.

பாட்டு என்று சொன்னதில் ஒரு சண்டை இருக்கிறது. கூடினால் பாட வேண்டும் என்று ஒரு சாரார். பாடினால் அது சர்ச் ஆகிவிடும் என்று இன்னொரு சாரார். அன்னி பெசன்ட் 1876இலேயே செக்யூலர் பாடல் புத்தகம் ஒன்றைத் தொகுத்திருந்தார். அதற்கும் முன்பே ஆஸ்டின் ஹோலியோக்கும் சார்லஸ் வாட்ஸும் பெயர்சூட்டல், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்கான சடங்குகளை எழுதிக் கையேடாக வெளியிட்டிருந்தார்கள். அன்றைய தொழிலாளிக்குப் பாமாலை மெட்டுகள் தாய்ப்பாலோடு வந்தவை. நம்பிக்கை போனாலும் மெட்டு போகாது. லெஸ்டர் சங்கத்தில் 1899 முதல் 1908 வரை செயலாளராக இருந்த எஃப். ஜே. கூல்டு இந்தக் கேள்வியில் கடைசிவரை உழன்றார். பகுத்தறிவு வாதம் மட்டும் போதாது, மனத்தைத் தொடுகிற சடங்கும் வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் பிள்ளைகளுக்கு எழுதிய நீதிப்பாடங்கள் நாடெங்கும் பரவின. கடைசியில் சங்கத்தோடு ஒத்துப்போகாமல் அதே ஊரில் தத்துவவாதி ஆகுஸ்த் காம்த் வழியில் ஒரு ‘மனிதநேய சபை’யே தொடங்கிவிட்டார். சங்கத்தில் மிஞ்சியவர்கள் விவாதத்தைத் தொடர்ந்தார்கள்.

இரண்டு கட்சிக்கும் நியாயம் உண்டு என்று சமாதானம் சொல்லிவிடலாம். ஆனால் நடந்ததை வைத்துப் பார்த்தால் பாட்டுக் கட்சிக்கே பலம் அதிகம். லண்டனில் சவுத் பிளேஸ் என்றொரு பழைய சபை. பதினெட்டாம் நூற்றாண்டில் எல்லோருக்கும் மீட்பு உண்டு என்ற கிறிஸ்தவர்களாகத் தொடங்கி, திரித்துவத்தை விட்டு, பிறகு கடவுளையும் விட்டு, 1888இல் நெறிமுறைச் சங்கமானது. அவர்கள் 1887இல் தொடங்கிய ஞாயிறு இசைக் கச்சேரி இன்றும் நடக்கிறது. 1929இல் ரெட் லயன் சதுக்கத்தில் அவர்கள் கட்டிய கான்வே ஹாலின் பெயர் லண்டன் இசை ரசிகர்களுக்குத் தெரியும். அங்கே நால்வர் தந்திவாத்திய இசை கேட்கப் போகிறவரிடம் யாரும் நம்பிக்கையைப் பற்றி விசாரிப்பதில்லை.

மண்டபம் இருந்தாலும் சட்டம் வீட்டுக்குள் வந்துவிடும். அன்னி பெசன்ட் லிங்கன்ஷயரில் சிப்சி என்ற ஊரின் பாதிரியார் மனைவி. திருவிருந்தில் கலந்துகொள்ள முடியாது என்று மறுத்து 1873இல் வீட்டைவிட்டு வெளியேறினார். கருத்தடை நூல் ஒன்றை 1877இல் பிராட்லாவோடு சேர்ந்து பதிப்பித்ததற்காக வழக்கு வந்தது. மறு ஆண்டே நீதிமன்றம் மகள் மேபலைத் தாயிடமிருந்து பிரித்தது. அந்த நூலும் தாயின் நாத்திகமும் காரணங்கள். சென்னை அடையாறில் பிரம்மஞான சபையின் தலைவராகத் தமிழர்கள் அறிந்த அன்னி பெசன்ட்டுக்கு இப்படியொரு முற்பிறவி உண்டு. 1889இல் அவர் பிரம்மஞானத்துக்குப் போனது பழைய தோழர்களுக்குப் பேரிடி. அதே 1880களில் சென்னையில் இலௌகிக சங்கம் என்று ஒன்று இயங்கி ‘தத்துவ விவேசினி’ என்ற தமிழ் இதழை நடத்தியது. பிராட்லாவின் எழுத்து கப்பலேறி வந்து, மிஷனரிகளுக்கும் சனாதனிகளுக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல இங்கே பயன்பட்டது.

வாழ்க்கையைக்கூடச் சமாளித்துவிடலாம், சாவுதான் சிக்கல். ஹோலியோக் 1842இல் தேவதூஷணத்துக்காக குளோஸ்டர் சிறையில் ஆறு மாதம் இருந்தார். சொற்பொழிவு முடிந்து ஒருவர் கேட்ட கேள்விக்கு, நாடு வறுமையில் இருக்கும்போது கடவுளுக்கும் பாதிச் சம்பளம் போதும் என்கிற பாணியில் பதில் சொன்னதற்குக் கிடைத்த தண்டனை. அவர் உள்ளே இருந்தபோது சின்ன மகள் மேடலின் இறந்துபோனாள். சர்ச் கல்லறைத் தோட்டத்தில் ஆங்கிலிக்கன் வழிபாடு இல்லாமல் அடக்கம் செய்ய 1880 வரை வழியில்லை. அந்த ஆண்டு வந்த சட்டமும் அரைவழிதான். கிறிஸ்தவ முறையில் வேறு வழிபாடு நடத்தலாம், அல்லது எந்த வழிபாடும் இல்லாமல் புதைக்கலாம். நாத்திகர் தம் தோழனைப் பேசாமல் புதைக்க அனுமதி உண்டு.

பிராட்லா 1891 ஜனவரி 30 அன்று இறந்தார். நார்த்தாம்ப்டன் தொகுதி அவரை 1880இல் தேர்ந்தெடுத்தும், பைபிள் மீது சத்தியம் செய்வதைப் பற்றிய தகராறில் ஆறு ஆண்டுகள் தம் நாடாளுமன்ற இருக்கைக்காகப் போராடியவர். 1888இல் நாத்திகர் உறுதிமொழி எடுக்க வழிசெய்யும் சட்டத்தைத் தானே கொண்டுவந்தவர். 1889இல் பம்பாய்க் காங்கிரசுக்கு வந்து போனவர். புரூக்வுட் கல்லறையில் அவர் விருப்பப்படி பேச்சு, பாட்டு எதுவுமில்லாமல் அடக்கம் நடந்தது. கூட்டம் ஆயிரக்கணக்கில். லண்டனில் இருந்த இந்தியர்கள் திரளாகப் போனார்கள். சட்டம் படித்துக்கொண்டிருந்த இருபத்தொரு வயது மோகன்தாஸ் காந்தியும் போனார். திரும்பும்போது ரயில் நிலையத்தில், அஞ்சலி செலுத்த வந்திருந்த பாதிரியார் ஒருவரை ஒரு தீவிர நாத்திகர் மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டதைக் காந்தி தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நாத்திகத்தின் மீது அவருக்கு ஏற்கெனவே இருந்த வெறுப்பு அதனால் கூடியதாம். தலைவரைப் பேசாமல் அடக்கம் செய்த கையோடு, அதுவரை அடக்கிவைத்த பேச்சை நடைமேடையில் ஒருவர் தொடங்கிவிட்டார். இயக்கத்தின் நோயும் அதில் தெரிகிறது. வாதிடுவதற்காகக் கூடியவர்களுக்கு வாதிடாமல் ஒருவரோடு நிற்பது கைவரவில்லை.

பிராட்லாவுக்குப் பிறகு இயக்கம் தேய்ந்தது. 1880களின் நடுவில் நாடெங்கும் நூறையொட்டி இருந்த தேசிய செக்யூலர் சங்கக் கிளைகள் குறைந்துகொண்டே போயின. இளைஞர்களைத் தொழிற்சங்கமும் சமதர்மக் கட்சிகளும் இழுத்துக்கொண்டன, பிறகு கால்பந்தும் சினிமாவும். ஞாயிற்றுக்கிழமைக்குப் போக வேறு இடங்கள் வந்துவிட்டன.

ஆனால் தனிமை போகவில்லை. 1955 ஜனவரியில் அபர்டீன் பல்கலைக்கழக உளவியல் ஆசிரியர் மார்கரெட் நைட் பிபிசி வானொலியில் இரண்டு உரைகள் நிகழ்த்தினார்: கடவுள் நம்பிக்கை இல்லாமல் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் கற்பிப்பது எப்படி? சாதுவான பேச்சு. பத்திரிகைகள் அவரை நாட்டுக்கே ஆபத்து என்பதுபோல் எழுதின. மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வந்தன. திட்டியவர்கள் இருந்தார்கள். இப்படி நினைப்பது நான் ஒருத்தி மட்டும்தான் என்றிருந்தேன் என்ற வகையில் எழுதியவர்களும் இருந்தார்கள்.

அந்தக் காலத்து மதம் சாராத மனிதநேயவாதிகள் செய்த இரண்டு வேலைகள் அவர்களுடைய புத்தகங்களைவிட முக்கியமானவை. முதியோர் இல்லங்களில் பல மதம் சார்ந்தவையாக இருந்ததால், நம்பிக்கையில்லாத முதியவர்களுக்கென 1950களில் வீட்டுவசதிச் சங்கம் தொடங்கினார்கள். தத்துப் பிள்ளை தரும் நிறுவனங்கள் பெற்றோரின் மதத்தைக் கேட்டதால் 1960களில் அக்னாஸ்டிக் தத்தெடுப்புச் சங்கம் தொடங்கினார்கள். வயதானவருக்கு ஓர் அறை, அநாதைக் குழந்தைக்கு ஒரு வீடு. இவற்றை நடத்த யாரும் யாரோடும் வாதிட வேண்டியிருக்கவில்லை. கட்டிலும் தொட்டிலும் வாங்க வேண்டியிருந்தது.

இன்றைய நிலைமை தலைகீழ். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தம்மைக் கிறிஸ்தவர் என்றவர்கள் 46.2 சதவீதம், மதமில்லை என்றவர்கள் 37.2. பத்தாண்டுக்கு முன் இவை 59.3, 25.2. லெஸ்டர் நகரில் கிறிஸ்தவர், முஸ்லிம், மதமற்றோர் மூவரும் ஏறக்குறைய கால்வாசி கால்வாசி, இந்துக்கள் 17.9 சதவீதம். எண்ணிக்கை கூடியதால் கூட்டம் கூடிவிடவில்லை. 2013 ஜனவரியில் சாண்டர்சன் ஜோன்ஸ், பிப்பா எவன்ஸ் என்ற இரு நகைச்சுவைக் கலைஞர்கள் வடக்கு லண்டனில் வழிபாடு நின்றுபோன ஒரு சர்ச் கட்டடத்தில் ‘சண்டே அசெம்ப்ளி’யைத் தொடங்கினார்கள். பாமாலைக்குப் பதில் பாப் பாடல், பிரசங்கத்துக்குப் பதில் ஓர் உரை, கடைசியில் தேநீரும் கேக்கும். சில ஆண்டுகளில் பல நாடுகளில் கிளைகள் முளைத்தன. பிறகு பல கிளைகள் மூடின. நாற்காலி போட, காசோலை எழுத, கேக் வாங்க ஒவ்வொரு முறையும் அதே நாலு பேர் என்றால் எந்தச் சபையும் தாங்காது. கிறிஸ்தவ சபைகளுக்குத் தசமபாகம் என்றொரு பழக்கம் இருக்கிறது, சம்பளம் வாங்கும் போதகர் இருக்கிறார். இந்தப் பக்கத்தில் இரண்டும் இல்லை.

நன்றாகத் தழைத்திருப்பது திருமணம்தான். ஸ்காட்லாந்தில் மனிதநேய முறைத் திருமணம் 2005 முதல் சட்டப்படி செல்லும். பத்தே ஆண்டுகளில் ஸ்காட்லாந்து திருச்சபை நடத்திய திருமணங்களை அது எண்ணிக்கையில் எட்டிப்பிடித்துவிட்டது. வட அயர்லாந்தில் 2018இல் வழி பிறந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013இல் வந்த திருமணச் சட்டம் இதை ஓர் ஆணையால் அனுமதிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. ஆணை வராமலே ஆண்டுகள் போயின. ஆறு ஜோடிகள் தொடுத்த வழக்கில், இது பாரபட்சம்தான், ஆனால் சட்டத்தை ஒழுங்காகச் சீரமைக்க அரசுக்கு அவகாசம் தேவை என்றது உயர் நீதிமன்றம், 2020இல். அதனால் அங்கே மணமக்கள் ஒரு வாரநாளில் இரண்டு சாட்சிகளோடு பதிவாளர் அலுவலகம் போய்க் கட்டணம் கட்டிக் கையெழுத்துப் போடுகிறார்கள். சனிக்கிழமை உற்றார் உறவினர் முன்னால், தாங்களே எழுதிய வாக்குறுதிகளைச் சொல்லி, மறுபடியும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள்.